குளிர்ந்த காலையில் இறுகும் ஸ்டியரிங்: காரணமும் பரிகாரமும்

ஈப்போவில் வசிக்கும் ஒரு குடும்பம் பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாய், தந்தை, பிள்ளைகள் மூவர்; பல ஆண்டுகள் ஓடிய பழைய கார். தாப்பாவில் திரும்பி மலைப்பாதையில் ஏறும்போது எந்தத் தொல்லையும் இல்லை. தானா ராத்தாவில் ஓரிரவு தங்குகிறார்கள். மறுநாள் விடியற்காலையில் புறப்பட முற்படும்போது ஸ்டியரிங் சக்கரம் கல்லைப் புரட்டுவது போல் கனக்கிறது.

“குளிரில் எண்ணெய் உறைந்துவிட்டது. சற்றுத் தூரம் ஓடினால் சரியாகிவிடும்” என்கிறார் தந்தை. அவர் சொன்னபடியே பத்து நிமிடத்தில் ஸ்டியரிங் இலகுவாகிறது. மனநிறைவோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, வளைவுக்கு மேல் வளைவாகத் தாப்பாவை நோக்கி இறங்கத் தொடங்குகிறார்.

அந்தத் தந்தை எடுத்த முடிவு சரியானதா? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். தோட்டத்தில் இருப்போராயினும், தோட்டத்தை விட்டு நகர்ப்புறம் குடியேறியோராயினும், இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் கார் உண்டு. அவற்றுள் பல பிறர் ஓட்டிய பழைய கார்களே. ஆகவே இது நம் அனைவருக்கும் பயன்படும் செய்தியாகும்.

நம் நாட்டுக் குளிர் எத்தகையது?

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஈப்போவில் காலை வெப்பநிலை ஏறக்குறைய 24 பாகை செல்சியஸ் என்றால், அங்கு அது 15 அல்லது 16 பாகையாக இருக்கும். நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையும் கேமரன் மலையில்தான் பதிவாயிற்று. 1978 பிப்ரவரி 1-ஆம் நாள் அது 7.8 பாகைக்கு இறங்கியது.

இனி எண்ணெயின் தன்மையைப் பார்ப்போம். விடியற்காலைக் குளிர்ச்சியில் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் குறைந்துவிடும் என்பது பால்மரம் வெட்டும் நம் மக்களுக்குத் தெரிந்ததே. எண்ணெயின் இயல்பு இதற்கு நேர்மாறானது. குளிர்ந்தால் தடிக்கும், சூடேறினால் இளகும். மலைப்பகுதியில் தேங்காய் எண்ணெய்ப் புட்டி காலையில் உறைந்து வெண்மையாகிவிடுவதைப் பலர் கண்டிருப்பீர்கள்.

ஆயினும் ஸ்டியரிங்கில் ஊற்றப்படும் எண்ணெய் தேங்காய் எண்ணெய் போன்றதன்று. பனி பெய்யும் நாடுகளுக்கும் ஏற்றவாறு அது தயாரிக்கப்படுகிறது. இதற்குப் பயன்படும் எண்ணெய் வகைகள் பல, உறைநிலைக்கும் கீழே 40 பாகைக் குளிரில் எவ்வாறு ஓடுகின்றன என்று சோதிக்கப்படுபவை. அத்தகைய எண்ணெய்க்குத் தானா ராத்தாவின் 15 பாகை ஒரு பொருட்டன்று. முதல் சில விநாடிகளில் மிகச் சிறிய வேறுபாடு தெரியலாம், அவ்வளவே.

இதிலிருந்து நாம் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. நம் நாட்டுக் குளிர் நல்ல நிலையிலுள்ள ஸ்டியரிங்கை இறுக்குவதில்லை. இறுகினால், காரில் முன்னமே ஒரு குறை இருந்திருக்கிறது. அதைக் குளிர் வெளிப்படுத்தியிருக்கிறது. குளிர் இங்கே குற்றவாளியன்று. குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி.

ஸ்டியரிங் எவ்வாறு இயங்குகிறது?

காரணத்தைக் கண்டுபிடிக்க, முதலில் அமைப்பைச் சற்று அறிந்திருத்தல் நலம். ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து ஒரு தண்டு கீழிறங்குகிறது. அதன் முனையிலுள்ள சிறிய பற்சக்கரம், பற்கள் வெட்டப்பட்ட நீண்ட சட்டம் ஒன்றை இடமும் வலமும் நகர்த்துகிறது. பட்டறைகளில் ‘ரேக்’ எனப்படுவது இதுவே. அதன் இரு முனைகளும் இணைப்புக் கம்பிகளின் வழியாக முன்சக்கரங்களைத் திருப்புகின்றன. பழைய கார்கள் பலவற்றில் இவ்வளவுதான் உண்டு. அவற்றைத் திருப்புவது முழுக்க முழுக்க ஓட்டுநரின் கைவலிமையே.

இந்தச் சிரமத்தைக் குறைக்கவே பவர் ஸ்டியரிங் தோன்றியது. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926-இல் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் அமைப்பைச் செய்து காட்டினார். 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியல் கார்களில் அத்தகைய அமைப்பு விற்பனைக்கு வந்தது. இதில் இயந்திரத்தோடு பெல்ட்டால் இணைக்கப்பட்ட ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளுகிறது. நாம் சக்கரத்தைத் திருப்பும் பக்கமாக அந்த அழுத்தம் ரேக்கைத் தள்ளி உதவுகிறது.

மூன்றாவது வகை மின்சார ஸ்டியரிங். 1988-இல் ஜப்பானின் சுசுகி செர்வோ காரில் இது அறிமுகமாயிற்று. நம் நாட்டில் 2005-இல் வெளிவந்த பெரோடுவா மைவி போன்ற கார்களில் இவ்வகை உண்டு. இதில் எண்ணெயும் இல்லை, பம்பும் இல்லை. ஒரு மின்மோட்டாரே உதவி செய்கிறது.

உங்கள் கார் இம்மூன்றில் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மின்சார ஸ்டியரிங் உள்ள காரில் எண்ணெய்க் கலத்தைத் தேடி அலைவது வீண் வேலை.

பூட்டா, இறுக்கமா?

சாவியை எடுத்தபின் ஸ்டியரிங் சக்கரம் சற்றே திரும்பினால், களவைத் தடுப்பதற்காக உள்ள பூட்டு விழுந்துவிடும். காலையில் சக்கரமும் அசையாது, சாவியும் திரும்பாது. இது பழுதன்று. சக்கரத்தை இலேசாக இடமும் வலமும் அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் பூட்டு விடுபடும். வலிந்து முறுக்கினால் சாவி உடைய நேரலாம்.

அடுத்து, உதவி கிடைக்கிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. சாவியைத் திருப்பிப் பூட்டை விடுவித்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தை இயக்காமலேயே சக்கரத்தை ஒரு பக்கமாக மிதமாக அழுத்திப் பிடித்திருங்கள். அந்நிலையில் இயந்திரத்தை இயக்குங்கள். பவர் ஸ்டியரிங் நல்ல நிலையில் இருந்தால் சக்கரம் உடனே இளகிக்கொடுக்கும். இளகாவிட்டால், உதவி செய்யும் பகுதியில் குறை உண்டு என்று பொருள்.

அறிகுறிகள் கூறும் செய்தி

மருத்துவர் நோயாளியிடம் கேள்வி கேட்பது போல், நாமும் காரிடம் சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

காலையில் இறுகி, ஓடியபின் இளகுகிறதா? எண்ணெய் குறைந்திருக்கலாம், பழையதாகிக் கெட்டிருக்கலாம், அல்லது ரேக்கின் உள்ளே அழுத்தத்தைக் காக்கும் வளையங்களும் அவை அமர்ந்துள்ள உலோகமும் தேய்ந்திருக்கலாம். 1980-களில் அமெரிக்கக் கார்கள் பலவற்றில் இந்தத் தேய்மானம் பெருந்தொல்லையாக இருந்தது. காலையில் வந்து சிறிது நேரத்தில் மறைந்துவிடுவதால், அங்குள்ள பழுதுபார்ப்போர் இதற்கு ‘மசக்கை’ என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தனர். ஆனால் தேய்மானம் மறைவதில்லை. நாளடைவில் இறுக்கம் நீண்டுகொண்டே போய், இறுதியில் சூடேறிய பின்னும் நீங்காது.

திருப்பும்போது கீச்சென்ற ஒலி எழுகிறதா? பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. ஈர நாட்களில் இது மிகும். மழைக்கால விடியலிலும், தேங்கிய நீரைக் கடந்த பின்பும் ஸ்டியரிங் திடீரெனக் கனத்தால் பெல்ட்டையே முதலில் ஐயுற வேண்டும்.

முனகல் ஒலி கேட்கிறதா? எண்ணெய் குறைந்து குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. எண்ணெய் நுரைத்திருப்பதும் இதற்கு அடையாளம்.

மெதுவாகச் செல்கையில் கனத்து, எண்ணெய் மிதியை அழுத்தியதும் இளகுகிறதா? பம்ப் வலுவிழந்துள்ளது, அல்லது பெல்ட் தளர்ந்துள்ளது.

ஒரு சுற்றுக்குள்ளேயே இறுகி, இளகி, மீண்டும் இறுகுகிறதா? தண்டின் நடுவிலுள்ள மூட்டு துருப்பிடித்திருக்கலாம்.

காலை, மாலை, குளிர், வெயில் என்ற வேறுபாடின்றி எப்போதும் கனக்கிறதா? டயரில் காற்று குறைவாக இருக்கலாம். முன்சக்கர மூட்டுகள் வறண்டிருக்கலாம். தோட்டத்துச் செம்மண் பாதைகளில் ஓடும் கார்களில் மூட்டுகளை மூடியுள்ள ரப்பர் உறைகள் கிழிந்து, சேறு உட்புகுந்து, மசகு வெளியேறிவிடுவது உண்டு. வளைவில் திரும்பிய பின் சக்கரம் தானாக நேருக்கு வராததும் இதன் அறிகுறியே.

நாமே செய்யத்தக்க சோதனைகள்

முதலாவது, டயரின் காற்று. செலவே இல்லாத இச்சோதனையைப் பலர் கடைசியில்தான் செய்கின்றனர். வெப்பநிலை 10 பாகை குறைந்தால் டயரின் காற்றழுத்தம் சுமார் 7 முதல் 10 கிலோபாஸ்கல் குறையும். நண்பகலில் ஓடிச் சூடேறிய டயரில் சரியாகக் காட்டிய அளவு, மறுநாள் காலையில் குறைவாகக் காட்டும். ஆகவே கார் ஓடாமல் ஆறியிருக்கும்போதே அளக்க வேண்டும். உரிய அளவு ஓட்டுநரின் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

இரண்டாவது, எண்ணெய். காரைச் சமதளத்தில் நிறுத்தி, எண்ணெய்க் கலத்தின் குறியீட்டைப் பாருங்கள். சூடான நிலைக்கு ஒரு குறி, ஆறிய நிலைக்கு ஒரு குறி என இரண்டு இருக்கலாம். அளவோடு நிறத்தையும் நோக்குங்கள். எண்ணெய் கறுத்து, கருகிய வாடை வீசினால் அது ஆயுள் முடிந்த எண்ணெய். அளவு குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றினால் மட்டும் போதாது. ஒழுக்கையும் கண்டுபிடிக்க வேண்டும். இரவில் காரின் முன்பகுதிக்குக் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால், காலையில் எண்ணெய்த் துளி விழுந்த இடமே ஒழுகும் இடத்தைச் சுட்டிவிடும்.

மூன்றாவது, பெல்ட். இயந்திரத்தை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு பாருங்கள். வெடிப்போ கண்ணாடி போன்ற பளபளப்போ தென்பட்டால் பெல்ட்டை மாற்றுங்கள். பழைய வகைப் பெல்ட்டின் நடுப்பகுதியைப் பெருவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் தளர்வு. மிகையாக இறுக்குவதும் தவறு. பம்பின் உருளைகள் தேய்ந்துவிடும். இயந்திரம் ஓடும்போது பெல்ட்டின் அருகே கையையோ துணியையோ கொண்டு செல்லவே கூடாது. கைலி, துண்டு, தொங்கும் சட்டைக்கை ஆகியன கண் இமைக்கும் நேரத்தில் சிக்கிக்கொள்ளும்.

நான்காவது, மூட்டுகள். சமதளத்தில் கைப்பிரேக் இட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, முன்பகுதியை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் புகுதல் உயிருக்கு உலை வைக்கும் செயல். இயந்திரத்தை இயக்காமல், பூட்டை விடுவித்து, ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். தரையில் உராய்வு இல்லாத இந்நிலையில் அது தடங்கலின்றித் திரும்ப வேண்டும். அப்போதும் கனத்தால் குறை மூட்டிலோ தண்டிலோ ரேக்கிலோ உள்ளது. இலகுவாகத் திரும்பினால் குறை எண்ணெய், பெல்ட், பம்ப் ஆகியவற்றின் பக்கமே.

மின்சார ஸ்டியரிங் உள்ளவர்கள் பேட்டரியைக் கவனியுங்கள். குளிர்ந்த காலையில் பேட்டரியின் வலு குறைகிறது. பேட்டரி பழையதானால், இயந்திரத்தை இயக்கியதும் ஸ்டியரிங்குக்கு வேண்டிய மின்சாரம் குறைந்து உதவி நின்றுபோகலாம். முனைகளில் படிந்த வெண்பொடியைச் சுத்தம் செய்து, இறுக்கிப் பாருங்கள். ஸ்டியரிங் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால், அதைப் படிக்கும் கருவி உள்ள பட்டறைக்கே செல்ல வேண்டும்.

பரிகாரம்

குறைந்த எண்ணெயை நிரப்புவதற்கு முன் காரின் கையேட்டையோ கலத்தின் மூடியையோ படியுங்கள். சில கார்களுக்குத் தானியங்கிக் கியர் எண்ணெயே இதற்கும் பயன்படும். வேறு சிலவற்றுக்குத் தனி எண்ணெய் வேண்டும். கண்டதைக் கலக்கக் கூடாது.

பிரேக் எண்ணெயை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள். காரணம் ரப்பரில் இருக்கிறது. நாம் வெட்டும் மரத்தின் ரப்பர், கனிம எண்ணெயில் ஊறினால் உப்பிப்போகும். ஆகையால் பவர் ஸ்டியரிங்கின் உள்ளே, கனிம எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பர் வளையங்களைப் பொருத்துகிறார்கள். பிரேக் எண்ணெய் முற்றிலும் வேறு வகை. அது அந்த வளையங்களைக் கெடுத்து, எண்ணெய் கசியச் செய்யும். ஒரு புட்டி தவறான எண்ணெய் பம்பையும் ரேக்கையும் சேர்த்தே பாழாக்கிவிடும்.

கறுத்த எண்ணெயை மாற்ற எளிய முறை ஒன்று உண்டு. ஊசியில்லாத பெரிய பீச்சாங்குழலால் கலத்திலுள்ள எண்ணெயை உறிஞ்சி எடுத்துப் புதியதை நிரப்புங்கள். இயந்திரத்தை இயக்கி, ஸ்டியரிங்கை மெதுவாக இரு பக்கமும் சிலமுறை திருப்புங்கள். மீண்டும் உறிஞ்சி மீண்டும் நிரப்புங்கள். எண்ணெய் தெளியும்வரை செய்தால் பழையதில் பெரும்பகுதி வெளியேறிவிடும். குழாயில் காற்று புகுந்திருந்தால், முன்சக்கரங்களைத் தாங்கியில் உயர்த்தி, முதலில் இயந்திரத்தை இயக்காமலும் பின்னர் இயக்கியும் பலமுறை மெதுவாகத் திருப்பினால் காற்றுக் குமிழிகள் கலத்தின் வழியே வெளியேறும். இடையிடையே எண்ணெய் அளவைப் பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள். எடுத்த பழைய எண்ணெயைக் கால்வாயில் கொட்டாமல் பட்டறையில் ஒப்படையுங்கள்.

புது எண்ணெய்க்குப் பிறகும் காலை இறுக்கம் நீங்காவிட்டால் ரேக்கின் உள்தேய்மானத்தை ஐயுறலாம். அது பட்டறையில் செய்ய வேண்டிய வேலை. செலவும் பல நூறு வெள்ளியாகும். அதனால்தான் டயர், எண்ணெய், பெல்ட் ஆகிய மூன்றையும் பார்த்த பின்னரே ரேக்கை மாற்ற ஒப்புக்கொள்ள வேண்டும். செலவை முன்கூட்டியே எழுதித் தரும்படி கேளுங்கள். கழற்றிய பழைய உறுப்பைக் காட்டச் சொல்லுங்கள். இவ்வாறு கேட்பது சண்டைக்கு இழுப்பதாகாது, வாடிக்கையாளரின் உரிமையாகும். இணைப்புக் கம்பிகளையோ மூட்டுகளையோ மாற்றினால், முன்சக்கரங்களின் நேர்த்தியைச் சரிபார்க்கவும் மறவாதீர்கள்.

மலைப்பாதைக்குச் செல்லுமுன்

மேற்கூறிய சோதனைகளைப் புறப்படும் காலையில் அல்ல, இரண்டு நாள் முன்னதாகவே செய்துவிடுங்கள். மலையில் காலையில் இயந்திரத்தை இயக்கியதும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, சக்கரங்கள் மெல்ல உருளும்போதே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். நின்ற நிலையில் முழுவதுமாகத் திருப்பி ஐந்து விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டிருப்பது பம்பைச் சூடேற்றும்.

இறக்கத்தில் எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி இயந்திரத்தை நிறுத்திவிட்டு உருண்டு வருவது பேராபத்து. இயந்திரம் நின்றால் ஸ்டியரிங்குக்குப் பம்பின் உதவி போய்விடும். பிரேக்கின் உதவியும் இரண்டு மூன்று மிதிப்புகளுக்குள் தீர்ந்துவிடும். சாவியையும் எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டே விழுந்துவிடும். சில காசுகளுக்கான எரிபொருளுக்கு ஈடாக இவ்வளவையும் இழப்பது அறிவுடைமை ஆகாது. குறைந்த கியரில், இயந்திரம் ஓடும் நிலையிலேயே இறங்குங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே உதவி நின்றுபோனால் கலங்க வேண்டாம். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இணைப்பு அப்படியேதான் இருக்கிறது. கைக்கு வேலை மட்டும் கூடுகிறது. இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரமாக நிறுத்துங்கள்.

இனி அந்தத் தந்தையிடம் திரும்புவோம். எண்ணெய் குளிரில் தடிக்கும் என்று அவர் நினைத்ததில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஸ்டியரிங் இளகியதும் குறையே நீங்கிவிட்டது என்று அவர் கொண்ட முடிவு தவறு. புறப்படுமுன் முன்மூடியைத் திறந்து எண்ணெயையும் பெல்ட்டையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். எண்ணெய் குறைந்திருந்தால் தானா ராத்தாவிலேயே அதை வாங்கி ஊற்றி, ஒழுகும் குழாயின் பிடியை இறுக்கச் செய்திருக்கலாம். ஒழுக்கு பெரிதானால் பயணத்தையே சில மணி நேரம் தள்ளிப்போட்டிருக்கலாம்.

நாள் முழுதும் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய கார் அது. அதில் அமர்ந்திருப்போர் அப்பணத்தினும் அரியவர்கள். ஆகவே அடுத்த முறை குளிர்ந்த காலையில் உங்கள் ஸ்டியரிங் கனத்தால், குளிரின்மேல் பழிபோட்டுவிட்டுப் புறப்படாதீர்கள். காரை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, அது சுட்டிக்காட்டும் குறையைத் தேடிப் பாருங்கள்.